ஒலியும் ஒளியும் எங்கே போயின?

கைப்பேசியைத் திறந்தால் எண்பதுகள்; புதிய திரைப்படத்திற்குச் சென்றால் எண்பதுகள்; திருமண விருந்தில் இன்னிசைக்குழு பாடத் தொடங்கினால் அங்கும் எண்பதுகள். அகவை ஐம்பதைக் கடந்த தமிழர் பலரை இவ்வேக்கம் ஒரு காய்ச்சலைப் போல் பற்றியிருக்கின்றது. நாடா வெளியே தொங்கும் ஓர் ஒலிப்பேழை, அதன் துளையிற் செருகிச் சுழற்றிய எழுதுகோல், மரக்கதவு பூட்டிய தொலைக்காட்சிப் பெட்டி, அதன் முன்னே தரையில் அமர்ந்திருக்கும் தெருச் சிறுவர் கூட்டம். இவற்றுள் ஒன்றன் படத்தைப் போட்டுக் கீழே ஒரு பெருமூச்சையும் எழுதிவிட்டால் ஆயிரம் பேர் வந்து தாமும் பெருமூச்செறிகின்றனர்.

பெருமூச்சு விடுமிடத்தில் வணிகன் கடை விரிப்பான் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. கமர்கட்டும் தேன்மிட்டாயும் வண்ணத்தாள் சுற்றிப் பத்து மடங்கு விலைக்கு வந்துவிட்டன. அப்பத்தாண்டில் பெயர்பெற்ற தென்னாட்டு நடிகர் நடிகையர் 2009 முதற்கொண்டு ஒன்றுகூடி, ஒரே நிற உடையுடுத்திப் படமெடுத்துக்கொள்வதும் அதனை நாளிதழ்கள் நடுப்பக்கத்தில் இடுவதும் வழக்கமாயின. 2024-இல் வெளிவந்த 'லப்பர் பந்து' என்னும் படத்தில், 1989-இல் வந்த 'பொன்மனச் செல்வன்' படத்தின் பாட்டொன்று மீண்டும் ஒலித்தது. அதன்பின் எவ்வூர்த் திருவிழாவிலும் அதுவே பாட்டாயிற்று. (ரப்பரை லப்பராக்கிய நம் சிற்றூர் நாவினை ஈண்டுப் பாராட்டியாகவேண்டும். ரகரம் மொழிமுதலில் வாராது என்று அதனை விலக்கிய அந்நா, லகரமும் வாராது என்பதை மட்டும் மறந்துவிட்டது! தொல்காப்பியர் சிரித்திருப்பார்.) 2025-இல் வந்த வேறொரு படமோ 'குட் பேட் அக்லி' என்று மூன்று ஆங்கிலச் சொற்களைத் தலையிற் சுமந்துகொண்டு, உள்ளே 'சகலகலா வல்லவன்' (1982), 'விக்ரம்' (1986) ஆகிய படங்களின் பழம்பாட்டுகளை எடுத்தாண்டது. அதற்காக இளையராசா வழக்குமன்றம் சென்றதையும் நாடறியும். பெயர் வைக்கத் தமிழ் வேண்டா. கொட்டகையில் கைதட்டல் எழுப்ப மட்டும் பழைய தமிழ்ப்பாட்டு வேண்டும்! இவ்வணிகத்தின் முழு இயல்பும் இவ்வொரு படத்தில் அடங்கிவிட்டது.

வணிகனை விடுவோம். ஏங்குகின்றவர்கள் நம் மக்கள், நம் உடன்பிறந்தார். அவர்கள் எதனை எண்ணி ஏங்குகின்றனர் என்பதே நம் வினா.

கருவிகளை எண்ணியா? அக்கருவிகளோடு வாழ்ந்தவர்க்கு அவற்றின் அருமை தெரியும்! ஒலிப்பேழையின் நாடா பாட்டின் நடுவே சிக்கிக்கொள்ளும். அதனைப் பிரித்தெடுத்து, நகத்தால் நீவி, மீண்டும் சுற்றி முடிப்பதற்குள் மின்சாரம் போய்விடும். 'டெக்' என்று மக்கள் அழைத்த படப்பேழைக் கருவியை நாட்கூலிக்கு எடுத்து வந்து, விடிய விடிய மூன்று படம் பார்த்து, மறுநாள் கண்சிவந்து வேலைக்குப் போனவர்களை யாம் அறிவோம். அவற்றினும் ஆயிரம் மடங்கு தெளிவான ஒலியும் படமும் இன்று சட்டைப்பையிலேயே கிடைக்கின்றன, எவரும் தடுக்கவில்லை. ஆதலின் கருவிக்காக எவரும் ஏங்கவில்லை. இளமைக்காக ஏங்குகின்றனர் எனலாம். அஃது ஓரளவு மெய்யே. ஆயின், எண்பதுகளில் பிறந்தே இராத இருபது அகவை இளையோரும் அப்பாட்டுகளைத் தேடித்தேடிக் கேட்கின்றனரே, அவர்கள் எவ்விளமையை இழந்தார்கள்?

எம் விடையைச் சொல்லுமுன் சில பெயர்களை நினைவூட்ட விழைகின்றோம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகசுட்டு 15-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. எண்பதுகளில் அது வீடுதோறும் பரவியபோது அதன் நிகழ்ச்சிகளுக்கு என்ன பெயர்கள் இருந்தன? உழவர்க்கு 'வயலும் வாழ்வும்'. நேயர் மடல்களுக்கு விடை சொல்ல 'எதிரொலி'. சிறுவர்க்குக் 'கண்மணிப் பூங்கா'. மாணவர்க்குக் 'காண்போம் கற்போம்'. வெள்ளிக்கிழமை மாலை திரைப்பாடல்களைக் காட்டிய நிகழ்ச்சிக்கு 'ஒலியும் ஒளியும்'. இப்பெயர்களில் ஓர் ஆங்கிலச் சொல் உண்டா? இத்தனைக்கும் அந்நிலையம் நம் இயக்கத்தாருடையது அன்று. நடுவணரசின் பிடியில் இருந்தது. 'தூர்தர்சன்' என்னும் வடசொற்பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்த அந்நிலையமே, உள்ளே வந்ததும் தமிழ் பேசிற்று.

'ஒலியும் ஒளியும்' என்பதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஓரெழுத்தே வேறுபாடு. ஒன்றில் நா மேற்பல்லின் அடியைத் தொடவேண்டும். மற்றொன்றில் மடிந்து மேலண்ணத்தைத் தொடவேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் சமையற்கட்டிலிருந்து தாயும், திண்ணையிலிருந்து தாத்தாவும், தெருவிலிருந்து பிள்ளைகளும் இப்பெயரைச் சொல்லிச் சொல்லி, தம்மை அறியாமலே லகர ளகரப் பயிற்சி செய்தனர். எந்தத் தமிழாசிரியரும் அத்தனை மாணவரைப் பெற்றதில்லை.

அங்கிருந்து நாம் வந்து சேர்ந்த இடத்தையும் பாருங்கள். 1993 சித்திரை முதல்நாளில் தனியார் தொலைக்காட்சி தமிழில் தொடங்கிற்று. நடுவணரசின் பிடி தளர்ந்தது, இனித் தமிழ் தழைக்கும் என்று மகிழ்ந்தவர்களில் யாமும் இருந்தோம். நடந்ததென்ன? 'டாப் டென்', 'பெப்சி உங்கள் சாய்சு', 2006-இல் 'சூப்பர் சிங்கர்', 2017-இல் 'பிக் பாசு', 2019-இல் 'குக் வித் கோமாளி'. கடைசிப் பெயரில் தமிழ்ச்சொல் ஒன்றுண்டு என்று அமைதி கொள்ளலாம், அது கோமாளி. அரசுத் தொலைக்காட்சியும் பின்தங்கவில்லை. தமிழும் தென்றலும் பொருநையும் பிறந்த மலையின் பெயரால் 'பொதிகை' என்று விளங்கிய அதன் தமிழ் அலைவரிசை, 2024 சனவரியில் 'டிடி தமிழ்' ஆயிற்று. பொதிகையை எடுத்துவிட்டு இரண்டு ஆங்கில எழுத்துகளை வைத்தனர். அதற்காக ஏங்கிப் பெருமூச்சு விட்ட ஒரு படத்தையும் எம் கைப்பேசியில் யாம் காணவில்லை.

வானொலியையும் சொல்லவேண்டும். எண்பதுகளை எண்ணி ஏங்கும் தென்மாவட்டத்தார் எவரும் இலங்கை வானொலியை மறந்திரார். கே.எசு. இராசா, இராசேசுவரி சண்முகம், பி.எச். அப்துல் அமீது முதலிய அறிவிப்பாளர்களின் தமிழைக் கேட்பதற்கென்றே விளம்பரத்தையும் விடாமற் கேட்டவர் உண்டு. 'பாட்டுக்குப் பாட்டு' என்று அமீது நடத்திய போட்டியில், கொடுக்கப்படும் எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாடவேண்டும். கடையில், வயலில், பேருந்தில், எங்கும் பிள்ளைகள் அதனை விளையாடினர். தகரத்திற்கு ஒன்று, நெடிலுக்கு ஒன்று என்று நெடுங்கணக்கு முழுதும் பாட்டாக நாவிலேறியது. இன்று அதே விளையாட்டை நகரத்துப் பிள்ளைகள் 'அந்தாக்சரி' என்கின்றனர். எழுத்தையும் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுக்கின்றனர்.

சிறுவர் படக்கதைகளிலும் இவ்வாறே. பிரித்தானியப் படக்கதையைச் சிவகாசியில் 1972-இல் தமிழாக்கி வெளியிட்டவர்கள் அதற்கு 'இரும்புக்கை மாயாவி' என்று பெயர் சூட்டினர். மாயாவி வடசொல்தான், 'இரும்புக்கை'யில் இருக்கும் துணிவைப் பாருங்கள். எண்பதுகளின் சிறுவர் அப்பெயரைத் தம் ஊரான் பெயர்போலவே சொல்லி வளர்ந்தனர். இன்று வரும் அயல்நாட்டு வீரர் படங்களோ உரையாடலை மட்டும் தமிழில் பேசிவிட்டுப் பெயரை அப்படியே விட்டுவிடுகின்றன. பெயரை மாற்றினால் பிள்ளைகள் சிரிப்பார்களாம்.

எனவே எம் விடை இது: ஏங்குவோர் பெரும்பாலும் தாம் அறியாமலே ஒரு மொழிச்சூழலை எண்ணி ஏங்குகின்றனர். பொழுதுபோக்கு என்பதும் தமிழிலேயே பெயர்பெற்று, தமிழிலேயே பிழையின்றி ஒலித்த சூழல் அது. இருபது அகவை இளையோனையும் அப்பாட்டு இழுக்கின்றதென்றால், இசையோடு அச்சொற்றெளிவும் இழுக்கின்றது. தெலுங்கு நாட்டிற் பிறந்த பாலசுப்பிரமணியமும் சானகியும், தம் தாய்மொழி வழக்கில் இல்லாத ழகரத்தை நம்மவர் நாணும்படி ஒலித்தனர். இன்றைய பாட்டுகள் சிலவற்றில் தமிழே தாய்மொழியாகக் கொண்டவன் ழகரத்தை விழுங்குவதைக் கேட்கும்போது எமக்குச் சினம் வருவதில்லை, களைப்புத்தான் வருகின்றது.

அச்சூழல் வானத்திலிருந்து விழவில்லை. 1981 அக்டோபரில் கண்ணதாசன் மறைந்தபின் திரைப்பாட்டை எடுத்து நடத்தியவர்களுள் தமிழ் முறையாகக் கற்றவர் பலர். புலமைப்பித்தன் புலவர். நா. காமராசனோ 1965-இல் மதுரையில் மாணவராய் நின்று இந்தியெதிர்ப்புப் போரில் இறங்கியவர். 1938-இலும் 1965-இலும் தெருவில் நின்ற தமிழே எண்பதுகளில் ஒலிப்பேழையில் ஏறிற்று. மறைமலையடிகள் காலந்தொட்டுத் திட்டித்தீர்க்கப்பெற்ற 'தனித்தமிழ்ப் பித்தர்'களின் உழைப்பில் ஒரு துளி அரசுத் தொலைக்காட்சியின் பெயர்ப்பலகைக்கும் சென்று சேர்ந்திருந்தது.

இவ்வளவு சொன்னதனால் எண்பதுகளைப் பொற்காலம் என்று யாம் பாடுவதாக எவரும் கருதவேண்டா. அப்பத்தாண்டில் யாமும் வாழ்ந்தோம். எம் கண்கள் அவிந்திருக்கவில்லை. 1982 ஆகசுட்டு 15 முதல் 'தேசிய நிகழ்ச்சி' என்ற பெயரில் இரவு எட்டரை மணி கடந்ததும் இந்தி நம் கூடத்திற்குள் வந்து அமர்ந்தது. 1965-இல் தெருவில் வந்த இந்தியை உயிர் கொடுத்து மறித்த நாடு, பெட்டிக்குள் வந்த இந்தியைப் பாய் விரித்துப் பார்த்தது. 1987 சனவரி முதல் 1988 சூலை வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்தி இராமாயணம் ஓடியபோது, ஒரு சொல்லும் விளங்காத வீடுகளிலும் அது ஓடிற்று. திரைப்படப் பெயர்களோ இருவகையாக இருந்தன. 'நிழல்கள்', 'அலைகள் ஓய்வதில்லை', 'மூன்றாம் பிறை', 'பயணங்கள் முடிவதில்லை' என்று நெஞ்சில் நிற்கும் பெயர்கள் ஒருபுறம். 'டிக் டிக் டிக்', 'டார்லிங் டார்லிங் டார்லிங்' என்பன மறுபுறம். 2006-இல் தமிழ்ப்பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கைவரி விலக்கு என்று அரசு அறிவித்த பின்னரே 'சம்திங் சம்திங்' என்பதை வெட்டிவிட்டு 'உனக்கும் எனக்கும்' என்றார்கள்; 'சில்லுனு ஒரு காதல்' தன் முதலெழுத்தை மாற்றிக்கொண்டது. 'மூன்றாம் பிறை'க்கு அவ்வாணை தேவைப்படவில்லை.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் எண்பதுகளைப் பற்றி எழுத எம் கை துணியவில்லை. அதே பத்தாண்டின் தொடக்கத்தில், 1981-இல், மே முடிந்து சூன் பிறந்த இரவில் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. 1983 சூலையில் கொழும்புத் தெருக்களில் தமிழர் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். இனிய தமிழில் நமக்குப் பாட்டுப் போட்ட அத்தீவில், பாட்டைக் கேட்டு மகிழ்ந்த நம் இனத்தார் வீடு வாசல் இழந்து மண்டபத்திற்குப் படகேறி வந்தனர். எண்பதுகளின் ஒலிப்பேழைக்கு ஏங்கும் பதிவு நூறு கண்டால், அவ்வெண்பதுகளின் சாம்பலை நினைக்கும் பதிவு ஒன்று காண்கின்றோமா? வணிகன் விற்பது தேன்மிட்டாய். அதிற் சாம்பல் இராது.

இனி எம் குற்றத்திற்கு வருவோம்.

அன்றைய இதழ்களை எடுத்துப் பார்ப்பவர்க்குத் தெரியும், நம் இயக்கத்தார் அந்நாளில் திரைப்பாட்டை எவ்வளவு வைதோம் என்பது. கூத்தென்றோம், இளைஞரைக் கெடுக்கும் நஞ்சென்றோம். ஒருபகுதி சரியே; அன்றும் இன்றும் குப்பை குப்பைதான். ஆயின், எழுதப்படிக்கத் தெரியாத ஏழையின் செவிக்குள்ளும் நல்ல தமிழைக் கொண்டு சேர்க்கும் வாய்க்கால் அது என்பதை நாம் காணத் தவறினோம். வாய்க்காலை வைதுகொண்டிருந்தபோதே, ஊற்றுக்கண் அடைபட்டதையும் காணத் தவறினோம். பல்கலைக்கழகங்களின் பொறுப்பிலிருந்து எழுபதுகளின் பிற்பகுதியில் மாநில அரசின்கீழ் வந்த மெட்ரிகுலேசன் பள்ளிகள், எண்பதுகளில் ஊர்தோறும் முளைத்தன. வெள்ளிக்கிழமை மாலை ஒலியும் ஒளியும் பார்த்து உருகிய அதே பெற்றோர், திங்கட்கிழமை காலை பிள்ளைக்குக் கழுத்துப்பட்டை கட்டி அப்பள்ளிகளுக்கு அனுப்பினர். தொடக்க வகுப்பு முதல் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கும் சட்டம் 2006-இல்தான் வந்தது; அதற்குள் ஒரு தலைமுறை கடந்து போயிற்று.

அப்பெற்றோருள் இவ்வாசிரியவுரையை எழுதுகின்ற யானும் ஒருவன். இதனை இத்தனை ஆண்டுகள் இவ்விதழில் எழுதியதில்லை. 1986-இல் என் மகனை எங்கள் ஊரில் அன்று புதிதாகத் திறந்த ஓர் ஆங்கிலவழிப் பள்ளியிற் சேர்த்தேன். வீட்டில் வற்புறுத்தினர் என்று சொல்லித் தப்பிக்கலாம். வற்புறுத்தினர் என்பது மெய். நான் இணங்கினேன் என்பதும் மெய். தாய்மொழிக் கல்வியைப் பற்றி மேடையிற் பேசிவிட்டு இரவு வந்து, அவனுடைய ஆங்கிலப் பாடத்திற்கு அட்டை போட்டிருக்கின்றேன். அவன் இன்று பெங்களூரில் நன்றாக வாழ்கின்றான். தமிழ் பேசுவான், படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவான். அவன் மகளுக்குப் பேச்சும் பாதி, எழுத்து இல்லை.

சென்ற கோடை விடுமுறையில் அப்பெயர்த்தி வந்திருந்தபோது, பரணிலிருந்த தகரப்பெட்டியில் ஓர் ஒலிப்பேழையைக் கண்டெடுத்தாள். 1985-இல் திருச்சியில் ஒரு பதிவுக் கடையில் எடுத்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து அறுபது நிமையம். உள்தாளில் பாட்டுகளின் பெயரைத் தமிழிலேயே எழுதவேண்டும், 'சானகி' என்றெழுதவேண்டும் என்று கடைக்காரரோடு நான் வழக்காடியது இன்னும் நினைவிருக்கின்றது. "தம்பி, அந்தம்மா பேர அந்தம்மாவே அப்பிடி எழுத மாட்டாங்க" என்றார். இருந்தாலும் எழுதித் தந்தார். முத்துமுத்தான கையெழுத்து. பன்னிரண்டு பாட்டு.

அவற்றுள் நான்கைந்து பாட்டுகள் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தன. கைப்பேசியில் கேட்டிருக்கின்றாள், பிழையில்லாமல் முணுமுணுக்கவும் செய்தாள். கேட்க இனிமையாயிருந்தது. பிறகு அவ்வுள்தாளை என்னிடம் நீட்டி, "தாத்தா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

ஒலிப்பேழை ஓடவில்லை, நாடா ஒட்டிப்போயிருந்தது. அத்தாளைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். உயிரெழுத்தில் தொடங்கவில்லை, அவளுக்குத் தெரிந்த பாட்டின் முதற்சொல்லில் தொடங்கினோம். சொல் தெரியும், ஓசை தெரியும், எழுத்துத்தான் புதிது. ஆகவே விரைவாகப் பிடித்துக்கொண்டாள். இதைப் படிக்கும் அன்பர்கள் வீட்டிலும் அத்தகைய தகரப்பெட்டி ஒன்றிருக்கும். அத்தாளைப் படமெடுத்து உலகிற்கு அனுப்பிப் பெருமூச்சு விடுமுன், வீட்டிலிருக்கும் சிறியவரிடம் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். என்ன நடந்ததென்று எமக்கும் ஒரு மடல் எழுதுங்கள்.

விடுமுறை முடிந்து போனவள் இப்போது வாரந்தோறும் தொலைபேசியில் படித்துக் காட்டுகின்றாள். ஏழாம் பாட்டு வரை வந்திருக்கின்றாள். எட்டாவதில் ஒரு ழகரம் இருக்கின்றது; அதை லகரமாகவே சொல்லிக்கொண்டிருக்கின்றாள். ஞாயிற்றுக்கிழமை மீண்டும் பேசுவதாக இருக்கின்றோம்.